நாள்பட்ட காணாக்கடி: சொந்த சீரத்தில் செய்த ஊசி டெஸ்ட் பாசிட்டிவ், இனி என்ன?

கேள்வி, 2024 ஜூன் 9

என் தங்கைக்கு வயது 26. எட்டு மாதமாகக் காணாக்கடி (அர்ட்டிகேரியா). சாயங்காலம் ஆனால் தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் பட்டை பட்டையாகத் தடிக்கிறது. காலையில் சுவடே இருப்பதில்லை. போன வாரம் ஸ்கின் டாக்டர் அவள் ரத்தத்தை எடுத்து, அதில் மேலே தெளிகிற தண்ணீரை அவள் கையிலேயே ஊசி போட்டுப் பார்த்தார். தடித்தது. சீட்டில் ‘ஆட்டோ இம்யூன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் ரத்தமே அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதானே அர்த்தம்? கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். அக்கா, இந்த டெஸ்ட் நிச்சயமானதா?

2024 ஜூன் 9, இரவு

நிச்சயமானது இல்லை, தம்பி. அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

நான் லேப் டெக்னீசியன். எனக்கும் பல வருடமாக இந்தத் தொல்லை உண்டு, இதே டெஸ்ட்டும் எனக்குப் பாசிட்டிவ்தான். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதுகிறேன். ஒரு தடிப்பை வைத்து ‘ஆட்டோ இம்யூன் நோய்’ என்று முடிவு கட்ட முடியாது. அவள் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிகிற நீரில், இருக்கிற ஏதோ ஒன்று அவள் தோலைச் சீண்டுகிறது, அவ்வளவுதான் அந்தத் தடிப்பு சொல்வது. அது என்ன என்பதை டெஸ்ட் சொல்லாது. லூபஸ் போன்ற பெரிய வியாதி இருக்கிறது என்று சொல்லவே சொல்லாது. கல்யாணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மற்றதை நாளை எழுதுகிறேன்.

2024 ஜூன் 10

டெஸ்ட் எப்படி நடக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

பேஷன்ட்டின் ரத்தத்தை, உறைய வைக்கும் மருந்து எதுவும் பூசாத வெற்றுக் குழாயில் எடுக்க வேண்டும். அரை மணி நேரம் அறை வெப்பத்தில் உறைய விட வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் 15 நிமிடம் சுற்றினால் சீரம் மேலே தெளிந்து நிற்கும். அதில் 0.05 மி.லி. மட்டும் எடுத்து, முன்கையின் உட்பக்கத்தில் தோலுக்குள்ளேயே போட வேண்டும். தோலுக்கு அடியில் இறங்கக் கூடாது, சரியாகப் போட்டால் சின்னக் கொப்பளம் மாதிரி எழும்பும்.

சீரம் மட்டும் போட்டால் போதாது. சில செ.மீ. தள்ளி அதே அளவு சலைன் (உப்புநீர்) ஒரு ஊசி, அதே அளவு ஹிஸ்டமின் (தோலைத் தடிக்க வைக்கும் பொருள்) இன்னொரு ஊசி. சலைன் எதற்கென்றால், ஊசி குத்தியதாலேயே எவ்வளவு வீங்குகிறது என்று பார்க்க. ஹிஸ்டமின் எதற்கென்றால், தோல் தடிக்கிற நிலையில்தான் இருக்கிறதா என்று பார்க்க. அரிப்புக்குச் சாப்பிட்ட ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரை உடம்பில் மிச்சமிருந்தால் ஹிஸ்டமின் போட்ட இடமும் சும்மா இருக்கும். அப்போது சீரம் தடிக்காததற்கு அர்த்தமே இல்லை.

30வது நிமிடம் படிக்க வேண்டும். தடிப்பின் குறுக்கையும் நெடுக்கையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். சீரத் தடிப்பு சிவந்து, சலைன் தடிப்பைவிடக் குறைந்தது 1.5 மி.மீ. பெரிதாக இருந்தால்தான் பாசிட்டிவ். ஐரோப்பிய அலர்ஜி நிபுணர்கள் 2009ல் கூடி வகுத்த முறை இது.

ஒன்றரை மில்லிமீட்டர். அரிசி மணியின் அகலத்தைவிடக் குறைவு. கை நடுங்கினாலோ, ஸ்கேலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலோ நெகட்டிவ் பாசிட்டிவ் ஆகிவிடும். லேப்பில் வேலை செய்கிறவள் என்பதால் எனக்கு இது எப்போதும் உறுத்துகிற விஷயம். தங்கையின் ரிப்போர்ட்டில் சலைன் அளவு எழுதியிருக்கிறார்களா, பாருங்கள்.

2024 ஜூன் 10, மதியம்

ஒன்று விட்டுவிட்டது. முந்தின நாள் தடிப்பு வந்த இடத்தில் இந்த ஊசி போடக் கூடாது. அங்கே இருக்கிற செல்களில் ஹிஸ்டமின் ஏற்கெனவே காலியாகியிருக்கும். நகத்தால் கீறினாலே கோடு கோடாகத் தடிக்கிறவர்களுக்குச் சலைனும் தடிக்கும், அவர்களுக்கு இந்த டெஸ்ட்டைப் படிக்கவே முடியாது.

2024 ஜூன் 13

‘ரிப்போர்ட்டில் சலைன் 5, சீரம் 9, ஹிஸ்டமின் 12 என்று இருக்கிறது’ என்று தம்பி எழுதியிருக்கிறார். நல்லது. ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். பாசிட்டிவ்தான்.

இப்போது அந்தப் பாசிட்டிவ் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

தோலுக்குள் மாஸ்ட் செல் என்று ஒரு வகை செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் பொட்டலம் பொட்டலமாக அடைந்திருக்கும். அந்தச் செல்லின் மேல் ஐ.ஜி.ஈ. என்ற ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) உட்காருகிற கொக்கிகள் உண்டு. சாதாரண அலர்ஜியில், வெளியிலிருந்து வந்த பொருள், அதாவது இறாலோ நிலக்கடலையோ, அந்த ஐ.ஜி.ஈ.க்களைச் சேர்த்து இழுக்கும். உடனே பொட்டலம் உடையும், தோல் தடிக்கும்.

நாள்பட்ட காணாக்கடியில் வெளிப்பொருள் எதுவும் இல்லாமலே உடைகிறது. ஏன் என்று வெகுகாலம் தெரியவில்லை. 1986ல் இங்கிலாந்தில் கிளைவ் கிராட்டனும் அவருடன் இருந்தவர்களும் நோயாளிகளின் சீரத்தை அவரவர் தோலிலேயே போட்டுப் பார்த்தார்கள். சிலருக்குத் தடித்தது. ரத்தத்திலேயே ஏதோ சுற்றுகிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. 1993ல் லண்டனில் மால்கம் கிரீவ்ஸின் குழு அதில் ஒன்றைக் கண்டுபிடித்தது. அந்தக் கொக்கியையே நேராகப் பிடித்து இழுக்கிற, ஐ.ஜி.ஜி. என்ற வேறு வகை ஆன்டிபாடி. ஜப்பானைச் சேர்ந்த மிச்சிஹிரோ ஹிதே அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர்.

அந்த ஆன்டிபாடி இருந்தால் சீர டெஸ்ட் பாசிட்டிவ் ஆகலாம். ஆனால் அது இல்லாமலும் ஆகலாம். ரத்தம் உறையும்போதே சீரத்தில் பல பொருள்கள் உருவாகின்றன, அவற்றில் சில தோலைச் சீண்டும். காணாக்கடியே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கும், மூக்கு அலர்ஜி மட்டும் உள்ளவர்களுக்கும் இந்த டெஸ்ட் பாசிட்டிவ் ஆனதைப் பல குழுக்கள் பதிவு செய்திருக்கின்றன. அதனால்தான் விஷயம் தெரிந்த டாக்டர்கள் பாசிட்டிவ் வந்தால் ‘ஆட்டோ இம்யூன்’ என்று எழுத மாட்டார்கள். தன் சீரத்துக்கே தோல் எதிர்வினை காட்டுகிறது என்று மட்டும் எழுதுவார்கள்.

எண்களில் சொன்னால், சோதனைக் குழாயில் பேசோஃபில் என்ற ரத்த வெள்ளை அணுவை வைத்துச் செய்யும் பெரிய டெஸ்ட்டோடு ஒப்பிட்டு 1999ல் லண்டனில் பார்த்தார்கள். ஆன்டிபாடி இருக்கிறவர்களில் 70% பேரை இந்தத் தோல் டெஸ்ட் பிடித்தது. இல்லாதவர்களில் 80% பேரைச் சரியாக நெகட்டிவ் என்றது.

2024 ஜூன் 14

‘கத்தரிக்காய், கருவாடு, முட்டை, மீன், நிலக்கடலை எல்லாம் நிறுத்தியாயிற்று, இன்னும் என்ன நிறுத்துவது?’ என்று தம்பியின் அம்மா கேட்கச் சொன்னாராம்.

எதையும் நிறுத்த வேண்டாம்மா. எல்லாவற்றையும் கொடுங்கள்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கரப்பான் பண்டம் என்று ஒரு பட்டியலே வாசிப்பார்கள். மாமியார் எனக்கென்று தனிக் குழம்பு வைத்தார். எல்லாம் அன்பினால்தான். ஆனால் நான் இளைத்ததுதான் மிச்சம், தடிப்பு அது பாட்டுக்கு வந்தது. பெரியவர்களுக்கு ஆறு வாரத்துக்கு மேல், அநேகமாகத் தினமும், காரணமின்றி வருகிற காணாக்கடியில் உணவு அலர்ஜி காரணமாக இருப்பது மிக அரிது. உணவு அலர்ஜி என்றால் சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் ஓரிரு மணி நேரத்தில் வரும். ஒவ்வொரு முறை சாப்பிடும்போதும் வரும். சாப்பிடாத நாளில் வராது. இந்த மூன்றும் பொருந்தாவிட்டால் கத்தரிக்காயை விட்டுவிடலாம், பாவம் அது.

சீர டெஸ்ட்டால் எனக்குக் கிடைத்த பெரிய லாபமே இதுதான். ‘காரணம் தட்டில் இல்லை, உள்ளே இருக்கிறது’ என்று டாக்டர் என் மாமியாரை எதிரில் உட்கார வைத்துச் சொன்னார். அடுத்த வாரமே எண்ணெய்க் கத்தரிக்காய் இலைக்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. அதற்கு முன் ஒரு லேப்பில் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் பார்க்கும் பேக்கேஜ் ஒன்றை என் தலையில் கட்டினார்கள். கோதுமையிலிருந்து கொத்தமல்லி வரை ஏதேதோ ‘மைல்டு பாசிட்டிவ்’ என்று வந்தது. கொடுத்த பணம் ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு. அந்தத் தாளில் இருந்த ஒரு வரி கூட என் காணாக்கடிக்கு உதவவில்லை. காணாக்கடிக்காக யாராவது அந்தப் பேக்கேஜைச் சொன்னால் ‘எதற்கு?’ என்று கேளுங்கள்.

2024 ஜூன் 21

இன்னொரு வாசகர், டெஸ்ட்டுக்கு முன் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களே, முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

இதுதான் டெஸ்ட்டின் கொடுமையான பகுதி. ஊசி வலி பெரிதில்லை. ஆனால் செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனாடின், பிலாஸ்டின் போன்றவற்றைக் குறைந்தது 2, 3 நாளாவது நிறுத்த வேண்டும், பல இடங்களில் 5 முதல் 7 நாள் என்பார்கள். டாக்செபின் எடுக்கிறவர்களுக்கு 2 வாரம். எனக்கு மாத்திரை இல்லாத இரண்டாம் ராத்திரி உதடு வீங்கிவிட்டது. பாதம் இரண்டும் செருப்புக்குள் நுழையவில்லை. ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு இழுத்தால், டெஸ்ட்டாவது ஒன்றாவது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை இல்லாமல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாதவர்களுக்கு டாக்டரே இந்த டெஸ்ட் வேண்டாம் என்று விட்டுவிடலாம். அதனால் சிகிச்சை ஒன்றும் நின்றுபோகாது. முதல் மருந்து, இரண்டாம் மருந்து எல்லாம் டெஸ்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றேதான்.

ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் (இரண்டும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள்) எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது.

2024 ஜூலை 2

என் தொழில் சம்பந்தமானது என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இந்த டெஸ்ட்டில் உண்மையான ஆபத்து அலர்ஜி இல்லை. குழாய் மாறுவதுதான். ரத்தப் பரிசோதனையில் குழாய் மாறினால் ரிப்போர்ட் தப்பாக வரும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இங்கே குழாய் மாறினால் ஒருவரின் சீரம் இன்னொருவர் உடம்புக்குள் போகும். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் அந்த வழியில் போகக் கூடியவை. ஒரே நேரத்தில் பலருக்குச் செய்கிற இடங்களில் இந்தப் பயம் எனக்கு அதிகம்.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது இது. ரத்தம் எடுத்தவுடன் உங்கள் கண் முன்னாலேயே குழாயில் பெயரும் அடையாள எண்ணும் எழுதுகிறார்களா? சீரம் எடுக்கிற சிரிஞ்சிலும் எழுதுகிறார்களா? போடுவதற்கு முன் உங்கள் பெயரை உங்கள் வாயால் சொல்லச் சொல்கிறார்களா? ‘நீங்கள்தானே கவிதா?’ என்று கேட்டால் போதாது, தூக்கக் கலக்கத்தில் யாரும் ஆமாம் என்பார்கள். சிரிஞ்சை வாங்கி நீங்களே பெயரைப் படித்துப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சீரத்தை மறுநாளைக்கு எடுத்து வைக்கிற வேலையும் கூடாது. அன்றே எடுத்து, அன்றே போட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

2024 ஜூலை 4

மேலே சொன்னதைப் படித்துவிட்டு ‘என் டாக்டர் வாரா வாரம் என் சீரத்தை இடுப்பில் ஊசியாகவே போடுகிறார், அதுவும் இதுதானா?’ என்று ஒரு சகோதரி கேட்கிறார்.

அது டெஸ்ட் இல்லை, சிகிச்சை என்று சொல்லிப் போடுவது. நம் நாட்டில் நிறையப் புழக்கத்தில் இருக்கிறது. 2008ல் அலகாபாத்திலிருந்து பஜாஜ் குழு எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவியது. வாரம் ஒரு ஊசி, ஒன்பது வாரம் என்பது அவர்கள் செய்த முறை. செலவு குறைவு என்பதால் மாத்திரைக்கே திண்டாடுகிறவர்களுக்கு இது ஒரு வழியாகத் தெரிகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் போலி ஊசி போட்ட குழுவோடு ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சீரம் தெளிவாக ஜெயித்ததாகத் தெரியவில்லை. காணாக்கடி தானாகவே ஏறி இறங்குகிற வியாதி. மோசமான சமயத்தில்தான் நாம் ஊசிக்குப் போகிறோம். ஒன்பது வாரத்தில் பலருக்கு எப்படியும் கொஞ்சம் தணிந்திருக்கும். நான் போட்டுக்கொள்ளவில்லை.

2024 ஆகஸ்ட் 3

பெர்லினைச் சேர்ந்த மார்கஸ் மௌரர் போன மாதம் இறந்துவிட்டார். உலகம் முழுக்க இன்று காணாக்கடிக்குப் பின்பற்றும் வழிகாட்டியைத் தயாரித்தவர்களில் முக்கியமானவர். மருந்துக் கடையில் ஒரு அவில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிற சில்லறை வியாதி என்றுதான் ஊரே இதை நினைத்திருந்தது. தூக்கம் போய், வேலை போய், வெளியே தலைகாட்ட முடியாமல் இருக்கிறவர்களின் நோய் இது என்று எடுத்துச் சொன்னவர். அவர் எழுதியதைப் படித்துத்தான் எனக்கு வந்திருப்பது என்ன என்று எனக்கே விளங்கியது. மனது கனமாக இருக்கிறது.

அவர்கள் எழுதியதில் தங்கைக்குப் பயன்படுகிற ஒன்றைச் சொல்கிறேன். ஆட்டோ இம்யூன் என்பதிலேயே இரண்டு பாதை இருக்கிறது. முதல் பாதையில், உடம்பின் சொந்தப் புரதத்துக்கு எதிராகவே ஐ.ஜி.ஈ. உருவாகியிருக்கும். வெளியில் இறாலுக்கு நடப்பது உள்ளே நம் புரதத்துக்கு நடக்கிறது. இரண்டாவது பாதைதான் 1993ல் கண்டுபிடித்த ஐ.ஜி.ஜி., கொக்கியையே நேராக இழுப்பது. முதல் பாதைக்காரர்களுக்கு, ஐ.ஜி.ஈ.யைப் பிடித்து அடக்குகிற ஒமாலிசுமாப் ஊசி சீக்கிரம் கேட்கும், பல பேருக்குச் சில நாளிலேயே. இரண்டாவது பாதைக்காரர்களுக்கு மெதுவாகக் கேட்கும் அல்லது கேட்காமலே போகும். அவர்களில் பலருக்குச் சைக்ளோஸ்போரின் நன்றாகக் கேட்கிறது.

சீர டெஸ்ட் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு ஒமாலிசுமாப் வேலை செய்ய அதிக நாள் பிடிக்கிறது என்று பெர்லின் குழு 2017ல் காட்டியது. ஆக டெஸ்ட்டின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. முதல் மருந்து எது என்று அது சொல்லாது. விலை உயர்ந்த ஊசிக்குப் போகும்போது எவ்வளவு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லும்.

2024 ஆகஸ்ட் 4

ஜூன் 13ல் எழுதிய 70, 80 எண்களை இன்னொரு தரம் எடுத்துக்கொள்கிறேன். நேற்று எழுதியதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் முழுப் பொருளும் தெரிகிறது.

காணாக்கடிக்காரர்கள் 100 பேர் என்று வையுங்கள். அதில் 30 பேருக்கு உண்மையிலேயே அந்த ஐ.ஜி.ஜி. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 30ல் டெஸ்ட் பிடிப்பது 21 பேரை. மீதி 70 பேரில் 14 பேருக்கும் தடிக்கும். ஆகப் பாசிட்டிவ் வந்தவர்கள் 35 பேர், அதில் 14 பேருக்கு ஆன்டிபாடி கிடையாது. ஐந்து பேரில் இரண்டு பேர்!

இது நான் வைத்த 30ஐப் பொறுத்த கணக்கு. கடுமையாகப் பார்த்தால் அந்த எண்ணும் குறைகிறது. 2019ல் வெளியான ஒரு ஐரோப்பிய ஆய்வில் 182 நோயாளிகளுக்குத் தோல் டெஸ்ட், பேசோஃபில் டெஸ்ட், ஆன்டிபாடி அளவு மூன்றும் பார்த்தார்கள். மூன்றும் சேர்ந்து பாசிட்டிவ் ஆனவர்கள் 8% மட்டுமே. அவர்களிடம் பொதுவாக இரண்டு அடையாளம் தெரிந்தது. மொத்த ஐ.ஜி.ஈ. குறைவு, தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ. ஆன்டிபாடி அதிகம்.

அந்த இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள். ஜில்லா தலைநகரில் எங்கும் பார்க்கலாம். மாத்திரையை நிறுத்த வேண்டாம், விடிய விடிய உட்கார வேண்டாம். 2022ல் வெளியான சர்வதேச வழிகாட்டியும் நிபுணர்களிடம் வருகிறவர்களுக்கு இந்த இரண்டையும்தான் பார்க்கச் சொல்கிறது, கூடவே ரத்த அணுக்கள் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அல்லது ஈ.எஸ்.ஆர். தம்பி, தங்கைக்கு ஐ.ஜி.ஈ.யும் டி.பி.ஓ.வும் பார்த்தாயிற்றா? இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

2024 ஆகஸ்ட் 4, மாலை

டி.பி.ஓ. என்றதும் ‘அப்படியானால் தைராய்டுதான் காரணமா?’ என்று இருவர் கேட்டுவிட்டார்கள். காரணம் என்று சொல்ல முடியாது, இரண்டும் அடிக்கடி சேர்ந்து வருகின்றன. டொராண்டோவில் லெஸ்னாஃப் என்பவர் 1983லேயே இதை எழுதினார். இஸ்ரேலில் 12,778 நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோதும், அவர்களில் தைராய்டு கோளாறு மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. ஆகவே தைராய்டு வேலை செய்வதைக் காட்டும் டி.எஸ்.எச். ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. சுரப்பு குறைந்திருந்தால் அதற்குரிய மாத்திரை. அதை எடுத்தால் காணாக்கடியும் போய்விடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், எனக்குப் போகவில்லை.

2024 செப்டம்பர் 15

தடிப்பு மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று யாரும் கவனிப்பதில்லை. புதிதாக வந்த ஒரு தடிப்பைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் வட்டம் காலியாகிவிட வேண்டும். வேறு இடத்தில் புதிதாக வந்தால் பரவாயில்லை. அதே தடிப்பு அங்கேயே ஒரு நாளுக்கு மேல் நின்றால், அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகமாக இருந்தால், மறைந்த இடத்தில் கன்றிய தழும்பு மாதிரி நிறம் நின்றால், அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அதற்குச் சீர டெஸ்ட் உதவாது, தோலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.

செலவே இல்லாத சோதனை. டாக்டரிடம் போகும்போது போனில் எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள். காலை பத்து மணி ஓ.பி.யில் தோல் பளிங்கு மாதிரி இருக்கும், நாம் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

2024 நவம்பர் 10

தம்பியிடமிருந்து தகவல். தங்கைக்கு மொத்த ஐ.ஜி.ஈ. குறைவாக இல்லை, டி.பி.ஓ. நார்மல். சீர டெஸ்ட் மட்டும் பாசிட்டிவ். அதாவது அந்த 8% கூட்டத்தில் அவள் இருப்பதற்கான அடையாளம் இல்லை. புது டாக்டர் ‘ஆட்டோ இம்யூன்’ என்ற வார்த்தையை விட்டுவிட்டு, தினம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையைப் படிப்படியாக ஏற்றி நான்கு வரை கொண்டுபோயிருக்கிறார். நாலு மாத்திரை என்றதும் வீட்டில் பயந்தார்களாம். அதிகம் தூக்கக் கலக்கம் தராத இரண்டாம் தலைமுறை ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகளை நான்கு மடங்கு வரை ஏற்றலாம் என்று அந்த வழிகாட்டியிலேயே இருக்கிறது. டாக்டர் சொல்லி ஏற்ற வேண்டும், நாமாக ஏற்றக் கூடாது. அரிக்கும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொள்வதைவிடத் தினமும் எடுப்பதுதான் வேலை செய்யும்.

வாரக் கணக்கும் எழுதுகிறாளாம். யூ.ஏ.எஸ். 7 என்று அதற்குப் பெயர். தடிப்பின் எண்ணிக்கைக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 3, இப்படி ஏழு நாள். அதிகபட்சம் 42. ஆரம்பத்தில் 31 இருந்தது, இப்போது 6. அம்மா ஆட்டுக்கறிக் குழம்பும் வைத்தாயிற்று.

எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

2024 நவம்பர் 12

6 என்பது நல்ல எண். ஆனால் 0 வரை போக முயல வேண்டும் என்பதே இப்போதைய நோக்கம். டாக்டர் ‘பரவாயில்லையே, போதும்’ என்றால் விட்டுவிடாதீர்கள். ஒரு வாசகர் கேட்டது போல இது வாழ்நாள் முழுக்கவும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில வருடங்களில் தானாகவே அடங்கிவிடும். அதுவரைக்கும் அடக்கி வைப்பதுதான் மருந்தின் வேலை.

தலைவலி, முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போட்டால் கணிசமானவர்களுக்குத் தடிப்பு பொங்கிக்கொண்டு வரும். பாரசிட்டமால் பொதுவாகத் தொந்தரவு செய்யாது. உணவைப் பற்றிக் கவலைப்பட்டதில் பத்தில் ஒரு பங்கு இந்த மாத்திரைகளைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தால் நான் எவ்வளவோ நன்றாக இருந்திருப்பேன்.

2025 அக்டோபர் 12

வெகு நாள் கழித்து வருகிறேன். இரண்டு செய்தி. அமெரிக்காவில் ஏப்ரலில் டூபிலுமாப் ஊசிக்கு நாள்பட்ட காணாக்கடிக்கான அனுமதி கிடைத்தது. செப்டம்பர் கடைசியில் ரெமிப்ரூட்டினிப் என்ற மாத்திரைக்கும் கிடைத்திருக்கிறது. மாத்திரையைப் பற்றி எனக்கு ஆவல் அதிகம். காரணம், மேலே சொன்ன இரண்டு பாதையில் எது கொக்கியை இழுத்தாலும், அந்தச் செய்தி செல்லுக்குள் பி.டி.கே. என்ற நொதி வழியாகத்தான் போகிறது. அந்த நொதியையே இது தடுக்கிறது. எந்தப் பாதை என்று தெரியாமலே கொடுக்க முடிந்தால் இந்தத் தோல் டெஸ்ட்டுக்கு வேலை குறைந்துபோகலாம். குறைந்தால் நல்லதுதான். மாத்திரையை நிறுத்திவிட்டு உதடு வீங்க உட்கார்ந்திருக்கும் வேலை யாருக்கும் வேண்டாம்.

2025 அக்டோபர் 19

‘நாளை மறுநாள் எனக்கு டெஸ்ட், என்ன கேட்டு வாங்க வேண்டும்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வெறும் ‘பாசிட்டிவ்’ என்ற தாளோடு வராதீர்கள். சலைன், சீரம், ஹிஸ்டமின் மூன்றின் அளவும் மி.மீ.யில் வேண்டும். எத்தனையாவது நிமிடத்தில் படித்தார்கள் என்று வேண்டும். கடைசி மாத்திரை எடுத்த தேதியை எழுதச் சொல்லுங்கள். 30வது நிமிடம் கைக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேறு டாக்டரிடம் போனால் அதையே காட்டலாம். குழாயில் உங்கள் பெயரைப் படித்துப் பார்க்க மறக்காதீர்கள். டெஸ்ட் முடிந்ததும் மாத்திரையை அன்றே மறுபடி தொடங்கலாமா என்று கேட்டுக்கொண்டே வெளியே வாருங்கள், பலருக்கு அதை யாரும் சொல்வதில்லை.